குழி மூடியபின் வந்த இஞ்ஞாசி

நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் கூனிமுனைக்கே போய்க் கேளுங்கள். பாதி வழிக்கு மேல் பாதை கிடையாது, மணலில் கால் புதையப் புதைய நடந்து போய்ச் சேருவதற்குள் எவரும் எதையும் நம்புகிற களைப்புக்கு வந்துவிடுவார்கள், ஆகாயத்தில் நின்ற இஞ்ஞாசியின் கதையைக் கேட்க அந்தக் களைப்புதான் சரியான பக்குவம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. ஒரு மாதா கோயில், கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே கல்லறைத் தோட்டம், மிச்சமெல்லாம் வள்ளமும் வலையும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் திரும்பாமல், உடலும் கரை ஒதுங்காமல் போனால், அவனுடைய சட்டையையும் துடுப்பையும் பெட்டியில் வைத்து, துக்கமணி அடித்து, ஊரே வரிசையில் வந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டுக் குழியை மூட வேண்டும். அதுவரை ஒரு வள்ளமும் கடலில் இறங்கக் கூடாது, அடக்கமாகாதவன் தலைக்கு மேல் வலை வீசக் கூடாது. நல்ல வழக்கம்தான். ஆனால் பசிக்கிற ஊரில் நல்ல வழக்கங்கள் கொஞ்சம் அவசரமாகவே நடந்து முடியும்.

இஞ்ஞாசி கொரேரா அந்த ஊர்ப் பையன், சங்கு குளிக்கிறவன். கண் என்றால் அப்படி ஒரு கண். தொடுவானத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு பாய் தெரிந்தால் அது யார் வள்ளம், உள்ளே சிரிக்கிறார்களா சண்டை போடுகிறார்களா என்பதுவரை சொல்லிவிடுவான். தாய்மாமன் மச்சாது சம்மாட்டி, அதாவது ஊரில் அதிக வள்ளமும் அதிகக் குரலும் உள்ளவர், தன் மகள் அமலோற்பவத்தை அவனுக்குக் கட்டிக்கொடுத்ததே அந்தக் கண்ணுக்காகத்தான் என்று ஊரில் பேச்சு. கல்யாணமான புதிதில் யுத்தம் வந்தது, சங்கு குளிப்பு நின்றது, தூத்துக்குடியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தவர்கள் தூரத்தில் ஒரு அட்டையை வைத்துப் படிக்கச் சொன்னார்கள், அவன் அட்டையை விட்டுவிட்டு அதற்கும் பின்னாலிருந்த சுவரில் ஊர்ந்த எறும்பைப் பற்றிச் சொன்னான். சங்கு குளிக்கக் கடலடிக்குப் போய்வந்தவனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

குண்டு போடும் விமானம், ஆள் இரண்டு பேர். முன்னால் ஓட்டுகிற பஞ்சாபிப் பையன் குல்வந்த், அவனுக்கு முதுகைக் காட்டி, வாலைப் பார்த்து உட்கார்ந்து, துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு இஞ்ஞாசி. முன்னால் இருக்கிறவன் போகப்போகிற இடத்தைப் பார்ப்பான், இஞ்ஞாசி எப்போதும் போய்வந்த இடத்தைப் பார்ப்பான், அதுதான் அந்த உத்தியோகம்.

சாளை மீன் ஓடத் தொடங்கியிருந்த மாதத்தில் தந்தி வந்தது. பாதிரியாரான பங்குச்சாமி மாதா கோயில் வாசலில் நின்று படித்துச் சொன்னார், பர்மாப் பக்கம் போன விமானம் திரும்பவில்லை, இஞ்ஞாசியைக் காணவில்லை.

"காணலன்னுதானப்பா போட்டிருக்கு" என்றாள் அமலோற்பவம். "செத்துட்டாவன்னு போடலயே."

"ஏட்டி, நம்ம ஊர்ல காணாமப் போனவன் எவன் திரும்பி வந்திருக்கான்? எங்கப்பன் வந்தானா?"

"அது கடலு. இது ஆகாசம்."

"ரெண்டும் நீலந்தான்" என்றார் சம்மாட்டி. அப்படிச் சொல்லும்போது அவர் மகளைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். அங்கே சாளை கூட்டங்கூட்டமாகத் துள்ளிக்கொண்டிருந்தது, ஊரோ அரிசிக்கு வரிசையில் நின்று பாதிப் படியோடு திரும்பிக்கொண்டிருந்தது.

வேறு ஊராக இருந்தால் காணவில்லை என்ற சொல்லை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். கூனிமுனையில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம். அன்றைக்கே பெட்டி செய்தார்கள், ஒரு சட்டை வைத்தார்கள், விமானத்துக்குத் துடுப்பு உண்டா இல்லையா என்று சற்று நேரம் விவாதித்துவிட்டு அவனுடைய பழைய துடுப்பையே வைத்தார்கள். கோயில்பிள்ளை சந்தியாகு துக்கமணி அடித்தார். முதல் பிடி மண்ணை மாமனார் போட்டார், ஊரே போட்டது, அமலோற்பவம் மட்டும் கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். குழி மூடியதும் வள்ளங்கள் இறங்கின.

வாடைக்காற்று பலத்த ஒரு காலையில், பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் கொடிமரத்துக்கு மேலே இஞ்ஞாசி நிற்பதைப் பார்த்தார்கள்.

தோல் தொப்பி, கனத்த பூட்ஸ், சட்டையின் ஒரு கை தோள்வரை கருகியிருந்தது. நெஞ்சைச் சுற்றி வார்கள் இருந்தன, வார்களின் நுனியில் பாராசூட் குடை இல்லை. பர்மாவில் விழத் தொடங்கியவன் இன்னும் விழுந்து முடிக்கவில்லை, நடுவில் வாடை தள்ளிக்கொண்டு வந்துவிட்டது, அவ்வளவுதான். யாரும் கூச்சல் போடவில்லை. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"ஏல இஞ்ஞாசி, கொஞ்சம் தள்ளி நில்லுல. கருவாட்டு மேல நெழல் விழுது."

"தள்ளத்தான் பாக்குறேன்க்கா. காத்து விட மாட்டேங்குது."

"சாப்பிட்டியா?"

"எப்பச் சாப்பிட்டேன்னு ஞாபகமில்ல."

இறங்கி வா என்றார்கள். அவன் காலை உதைத்தான், கையைத் துழாவினான், வரவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் கடலடிக்குப் போகக் கட்டிக்கொள்ளும் கல்லைக் கயிற்றில் கட்டி வீசிக் கொடுத்தார்கள், அவன் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டான், கல்லும் அவனோடு மேலேயே நின்றது. கணுக்காலில் கயிறு போட்டு ஊரே சேர்ந்து இழுத்தது, கொஞ்ச தூரம் வந்தான், பிறகு இழுத்தவர்களின் கால்கள் தரையை விட்டன, பயந்துபோய்க் கயிற்றின் மறுமுனையைக் கொடிமரத்தில் கட்டிவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

காரணம் சொன்னவர் சந்தியாகு. காது கொஞ்சம் மந்தம், மணிக்குப் பக்கத்திலேயே நின்று கெட்ட காது, அதனால் எதையும் உரக்கத்தான் சொல்வார்.

"பூமியில ஒரு ஆளுக்கு ஆறடி. இவனுக்குள்ள ஆறடிய நாம சட்டைக்கும் துடுப்புக்கும் குடுத்து மூடியாச்சு. இனி இவன் எங்க இறங்குவான்?"

"அப்ப மணியத் திருப்பி அடிச்சிருவோமா?" என்றார் ஒருவர்.

"அடிச்ச மணி அடிச்சதுதான். மண்ண வேணும்னா திருப்பி எடுக்கலாம். போட்ட கையே எடுக்கணும். ஒரு பிடி பாக்கி கெடந்தாலும் அவன் காலு தரையில படாது."

சரி என்றது ஊர். நாளைக்கு எடுத்துவிடுவோம் என்றது. நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து இஞ்ஞாசி, பழக்கதோஷத்தில், கையை நீட்டித் தென்கிழக்கே காட்டிவிட்டான்.

"மாமா, அந்தா கறுப்பாத் தெரியுது. வள்ளம் நெறையும்."

வள்ளம் நிறைந்தது. மறுநாளும் நிறைந்தது. அதற்குப் பிறகு குழியைப் பற்றி யாரும் பேசவில்லை, சாளை ஓடி முடியட்டும் என்று மட்டும் சம்மாட்டி ஒரு தடவை சொன்னார், ஊரே தலையாட்டியது.

ஊர்கள் எதற்கும் பழகிவிடும். காலையில் அவனைக் கொடிமரத்திலிருந்து அவிழ்த்துச் சம்மாட்டியின் வள்ளத்தில் கட்டுவார்கள், சிறுவர்கள் பட்டம் விடுவது போல வள்ளம் அவனை விட்டுக்கொண்டு போகும், அவன் கை காட்டிய பக்கமெல்லாம் வலை விழும். திரும்பி வந்தால் கொடிமரம். மதியத்தில் மீன் அறுக்கும் பெண்கள் அவன் நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். உயரத்திலிருக்கும் மெழுகுவத்தியைக் கொளுத்துகிற நீளக் கம்பின் நுனியில் பங்குச்சாமி அவனுக்கு நற்கருணை கொடுத்தார், செத்தவனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம், வாயைத் திறக்கிறான் கொடுக்கிறேன் என்றார். விசாரிக்க வந்த போலீஸ்காரர் அண்ணாந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, தன் ஸ்டேஷன் எல்லை தரையோடு முடிகிறது என்று சொல்லி, ஒரு கூடை சாளையோடு திரும்பிப் போனார். சுற்று வட்டாரமெல்லாம் கிழங்கு தின்றுகொண்டிருந்த யுத்த காலத்தில் கூனிமுனையில் பிள்ளைகளுக்குக் கன்னத்தில் சதை வைத்தது.

இஞ்ஞாசிக்கு மட்டும் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. அமலோற்பவம் தூண்டில் கம்பில் தூக்குவாளியைக் கட்டி மேலே நீட்டுவாள், அவன் இரண்டு கவளம் தின்றுவிட்டுத் திருப்பி அனுப்புவான். அவன் தூங்கவில்லை. விமானத்தின் வாலில் உட்கார்ந்தவன் கண்ணை மூடினால் இரண்டு பேரும் செத்தார்கள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த கண், மூடச் சொன்னாலும் மூடவில்லை.

ஒருநாள் மதியம், மணிக்கூண்டின் படியேறிப் போய், கயிற்றைக் கொக்கியால் இழுத்து, அவனைச் சன்னலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினாள். கையைப் பிடித்தாள். கடலில் ஊறிய கயிறு போலக் குளிர்ந்திருந்தது.

"மச்சான், எலும்புந் தோலுமா நிக்கியளே."

"தூக்கம் வருது புள்ள."

"தூங்குங்க. நான் கயித்தப் பிடிச்சுக்கிடுதேன்."

"வருது, ஆனா வர மாட்டேங்குது." அவன் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "குல்வந்த்னு ஒரு பையன். பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டுவான். குண்டு விழுற வரைக்கும் அவன் பாடு. விழுந்த பெறகு என் பாடு. அவன் மேல ஏத்திக்கிட்டுப் போயிருவான், நான் பின்னால பாத்துக்கிட்டே இருக்கணும்ல. ஒரு ஆத்துமுகத்துல ஒரு ஊரு. உள்ள பட்டாளம் ஒளிஞ்சிருக்குன்னு சொன்னாவ. இருந்திருக்கும், நான் இல்லன்னு சொல்லல. மேகமா இருந்துச்சு, குல்வந்துக்கு இடம் தெரியல. நாந்தான் கையக் காட்டுனேன். அந்தா தெரியுதுன்னேன்."

அவள் கொக்கியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"கரையில வல காயப் போட்டிருந்தாவ புள்ள. நம்ம வல மாதிரியே. விழுந்த பெறகுதான் அது வலன்னு தெரிஞ்சிது."

கீழே பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நிழல் நகர்ந்துவிட்டதாம், கொஞ்சம் இந்தப் பக்கம் வரச் சொன்னார்கள்.

"இப்ப உங்கப்பா கூட்டிட்டுப் போறாரு. மேலேருந்து கையக் காட்டுதேன். கீழ கறுப்பா ஓடுனது வெள்ளையாத் துள்ளுது. மீனுதான், எனக்குத் தெரியாதா. ஆனா அதே கைதான புள்ள, அதே உசரந்தான."

"மாட்டேன்னு சொல்லிருங்க மச்சான்."

"புள்ளைங்க சாப்பிடுதுவ. எப்படிச் சொல்ல?"

அவள் கேட்டாள், "கீழ எறங்குனா என்ன ஆவும்னு தெரியுமா?"

"தெரியும். விழுந்து முடிஞ்சிரும். உனக்கும் தெரியும்."

"ம்."

"இருந்தாலும் ஒரு பாயில படுக்கணும் போல இருக்கு. முதுகுக்குக் கீழ தரை கெட்டியா இருக்கணும்."

அவனை மேலேயே வைத்துக்கொண்டால் அவளுக்குப் புருஷன் உண்டு, அண்ணாந்து பார்த்துப் பேசலாம், கம்பில் சோறு கொடுக்கலாம், வயசாகும்வரை அப்படியே இருக்கலாம், அதிலும் சந்தோஷப்படுகிற பெண்கள் உண்டு. இறக்கினால் அவன் இல்லை. அன்று மாலை முழுக்க அவள் அடுப்பு மூட்டவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

மறுநாள் வள்ளங்கள் அவனைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போனபிறகு, வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில், அமலோற்பவம் ஒரு சிரட்டையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் குழிமேட்டில் உட்கார்ந்து தோண்டினாள். மண் வரவில்லை. சிரட்டை உடைந்தது, மண் பாறையாக இருந்தது, அவள் போடாத மண் அவளுக்கு அசையாது என்று அவளுக்கே தெரியும், இருந்தாலும் தோண்டினாள். மீன் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். முதலில் வந்தவள் கருவாட்டுக்காரி.

"தள்ளு. என் மண்ண நான் எடுக்கேன்."

"நாளைக்குன்னு சொன்னியளே."

"ஆமா சொன்னோம். அந்த நாளைக்கு வந்தாச்சு, தள்ளு."

எது யாருடைய மண் என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? கை வைத்தால் தெரிந்தது. அவரவர் போட்ட மண் அவரவர் கைக்கு மட்டும் சுட்டது, அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி. அறுத்த மீனை அப்படியே வெயிலில் போட்டுவிட்டுப் பெண்கள் வந்தார்கள், வலை பின்னிக்கொண்டிருந்த கிழவர்கள் வந்தார்கள், பங்குச்சாமி அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து தன் பிடியை எடுத்தார். அன்று வயிற்றுப்போக்கு என்று கரையில் தங்கிய ஆண்கள், கடலில் அலை சரியில்லை என்று பாதியில் திரும்பியவர்கள், ஒவ்வொருவராக வந்தார்கள், ஒரு வள்ளத்தைத் தவிர மற்ற எல்லா வள்ளமும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக் கரைக்கு வந்துவிட்டது.

அந்த ஒரு வள்ளத்தில் மச்சாது சம்மாட்டி இஞ்ஞாசியை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:

"மாப்ள, எங்க ஓடுது?"

இஞ்ஞாசி கை காட்டவில்லை. கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. சம்மாட்டி மறுபடி கேட்டார். பிறகுதான் கவனித்தார், கயிறு தொய்ந்திருந்தது. பாய்மரத்துக்கு மேலே நின்றவன் பாய்மரத்துக்குப் பாதியில் நின்றான். ஊரில் ஒரு கை மண் எடுக்க எடுக்கக் கடலில் அவன் இறங்கிக்கொண்டிருந்தான், தலை நெஞ்சில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டே இறங்கினான்.

அலை நுனி அவன் பூட்ஸை நனைத்தது. சம்மாட்டிக்குப் புரிந்துவிட்டது. தண்ணீரில் இறங்கினால் அவன் கடலுக்குச் சொந்தம், இந்தத் தடவை நிஜமாகவே காணாமல் போவான், மகள் ஆயுசுக்கும் கரையில் நிற்பாள். வள்ளத்தின் பின்னால் வலை நிறைந்து கனத்துக்கொண்டிருந்தது, அந்த மாதத்திலேயே பெரிய மீன்பாடு, அதை இழுத்துக்கொண்டு கரை சேர இருட்டிவிடும். அவர் கத்தியை எடுத்து வலைக்கயிற்றை அறுத்தார். தன் கையால் தன் வலையை அறுத்த சம்மாட்டியை அந்தக் கரை அதற்கு முன் கண்டதில்லை. மருமகனின் பூட்ஸைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, துடுப்புப் போடுங்கல என்று மட்டும் சொன்னார்.

கரையில் இறங்கிக் கயிற்றைப் பிடித்து மணலில் நடத்திக் கொண்டுவந்தார், வள்ளத்தில் கூட வந்தவர்கள் முன்னே ஓடித் தங்கள் பிடிகளை எடுத்தார்கள். பூட்ஸ் நுனி தரைக்கு ஒரு விரற்கடை மேலே மிதந்து வந்தது. குழிக்குள் பெட்டி வெளியே தெரிந்தது, பெட்டி மூடியின் மேல் ஒரே ஒரு பிடி மண், யார் கைக்கும் சுடாமல், யார் கைக்கும் அசையாமல் இருந்தது.

சம்மாட்டி மகளைப் பார்த்தார். தந்தி வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் நேராகப் பார்த்தார்.

"ஏட்டி, இத எடுத்தா..."

"எடுங்கப்பா."

"யோசிச்சியா?"

"நின்னுக்கிட்டே இருக்காவ. காலு வலிக்காதா?"

அவர் குனிந்து எடுத்தார். கை பொரிந்துபோன வாசனை வந்தது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள், அவர் கையை உதறவில்லை.

பூட்ஸ் மணலில் பதிந்தது. இஞ்ஞாசி கண் விழித்து, முழங்கால் மடங்கி, நிமிர்ந்து, புதிதாக நடக்கப் பழகுகிறவனைப் போல வீட்டுக்கு நடந்தான். அமலோற்பவம் கூடவே நடந்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுடச்சுடச் சோறும் புளிக்குழம்பும் தின்றான், மீன் வேண்டாம் என்றான். பூட்ஸை அவள் கழற்றினாள். பாய் விரித்தாள். அவன் மல்லாந்து படுத்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் அழுத்திப் பார்த்தான்.

"கெட்டியா இருக்கு" என்றான்.

மறுபடி மேலே போய்விடக் கூடாதே என்று அவன் கணுக்கால் கயிற்றைத் தன் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் முடிச்சை அவிழ்த்தாள். வாசலில் நின்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

காற்றில் கனமில்லாமல் நின்றவனை மறுநாள் அடக்கத்துக்குத் தூக்கியபோது எட்டுப் பேருக்கும் தோள் இறங்கியது. அவன் பார்த்துவிட்டு வந்ததெல்லாம் உள்ளே இருந்திருக்கும். சந்தியாகு மணி அடிக்க மறுத்துவிட்டார், ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான், அவனுக்குள்ளதை அடித்தாயிற்று என்றார், அதனால் அந்த அடக்கம் சத்தமில்லாமல் நடந்தது. துடுப்பை எடுத்துவிட்டு அவனை வைத்தார்கள். ஊர் முந்தின நாள் எடுத்த மண்ணை வீட்டில் முடிந்து வைத்திருந்தது, அதே மண்ணைக் கொண்டுவந்து போட்டது. இந்தத் தடவை அமலோற்பவமும் போட்டாள்.

அப்போதுதான் சாளை வந்தது. அப்படி ஒரு கூட்டத்தை அந்தக் கரை பார்த்ததில்லை, தண்ணீர் கல்லறைத் தோட்டத்துச் சுவர்வரை கறுத்துவிட்டது, கையாலேயே அள்ளலாம், துள்ளுகிற மீன் சுவரேறி விழுந்து மணலில் துடித்தது. எல்லார் கழுத்தும் திரும்பியது.

"சம்மாட்டியாரே, வலைய எடுக்கவா?" என்றான் ஒருவன், மெதுவாக.

மச்சாது சம்மாட்டி வெந்த கையை இன்னும் திறக்கவில்லை. அவருடைய பிடி ஒன்றுதான் பாக்கி.

"நில்லுல. இன்னும் மூடல."

அவர் மூடவும் இல்லை. வெயில் சாயும்வரை கையை இறுக்கிக்கொண்டு குழிக்கரையில் உட்கார்ந்திருந்தார், ஊரும் கூடவே உட்கார்ந்திருந்தது, பிள்ளைகள் பசியில் சிணுங்கிவிட்டுத் தூங்கிப்போனார்கள், மகள் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். கறுப்பாக வந்த சாளை யார் வலையிலும் படாமல் கரையோரமாகவே தெற்கே ஓடிக் கடந்தது, அதைக் கை நீட்டிக் காட்ட மேலே யாரும் இல்லை. கடைசி மீனும் போய்த் தண்ணீர் வெளுத்தபிறகுதான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.